முப்பது கிரெடிட் இருக்கட்டும், ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவும். சென்ற கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவள், வயது 16, இங்கே 11ஆம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஊரில் படித்ததற்கு 16 கிரெடிட் கொடுத்து, இன்னும் 14 எடுத்தால் டிப்ளோமா என்று பாடசாலை சொல்லியிருக்கிறது. முதல் செமஸ்டரில் ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் வகுப்பில், டி படியை முடித்து இப்போது ஈ படியில் இருக்கிறாள். தாதியாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. இளையவன் எட்டாம் வகுப்பு. அடுத்த செப்டம்பரில் ஹைஸ்கூல் போகிறான். இரண்டு பேருக்கும் பாடத் தெரிவுப் படிவம் வந்திருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். டிப்ளோமாவுக்கு என்னென்ன வேண்டும், எந்த வழியில் போனால் எங்கே போய்ச் சேரலாம் என்று கேட்கிறீர்கள்.

ரொறன்ரோவில் புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பாடசாலை விஷயங்களில் உதவும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். இந்தப் படிவத்தை எத்தனையோ சமையலறை மேசைகளில் விரித்துப் பார்த்திருக்கிறேன். "இன்னும் 14 எடுத்தால் போதும்" என்ற வாக்கியம் சரியானதுதான். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் ஹைஸ்கூல் டிப்ளோமா ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கும், காலேஜ் போகிற பிள்ளைக்கும், மின்வேலை பழகப் போகிற பிள்ளைக்கும் அதே காகிதம்தான் கையில் வரும். ஊரில் உயர்தரத்தில் கலை, வணிகம், உயிரியல், கணிதம் என்று பிரிவு பிரிவாகப் போவோம். எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது ஊருக்கே தெரியும். இங்கே அப்படி வெளியே தெரியும் பிரிவு கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பட்டியலிலிருந்து பாடம் தெரிவு செய்கிறார்கள். எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பது பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் குறியீட்டில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்ட பெற்றோர் நிறையப் பேர்.

முதலில் கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் 110 மணி நேரப் பாடம், அதில் 50 மார்க் எடுத்தால் பாஸ். பெரும்பாலான பாடசாலைகளில் வருடத்துக்கு இரண்டு செமஸ்டர், செமஸ்டருக்கு நான்கு பாடம். அப்படியானால் வருடத்துக்கு 8, நான்கு வருடத்துக்கு 32. டிப்ளோமாவுக்கு வேண்டியது 30. இரண்டு பாடம்தான் மிச்சம் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

அந்த 30இல் 17 கட்டாயப் பாடம், 13 பிள்ளையின் விருப்பம். இது 2024 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ 9ஆம் வகுப்புத் தொடங்கியவர்களுக்கு. அக்கம்பக்கத்தில் யாராவது "18 கட்டாயம், 12 விருப்பம்" என்று சொன்னால் அதுவும் தவறில்லை, அதற்கு முன் தொடங்கிய பிள்ளைகளின் கணக்கு அது. உங்கள் மூத்தவள் எந்தக் கணக்கில் வருகிறாள் என்பதைப் பாடசாலையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் 17 இப்படி வரும்: ஆங்கிலம் வகுப்புக்கு ஒன்றாக 4, கணிதம் 3, அதில் ஒன்றாவது 11 அல்லது 12ஆம் வகுப்புக் கணிதமாக இருக்க வேண்டும், விஞ்ஞானம் 2, கனேடிய வரலாறு, கனேடியப் புவியியல், பிரெஞ்சு, கலை, உடற்கல்வி ஒவ்வொன்று, குடியுரிமைக் கல்வியும் தொழில் வழிகாட்டலும் அரை அரைக் கிரெடிட், 9 அல்லது 10ஆம் வகுப்பில் தொழில்நுட்பக் கல்வி ஒன்று, கடைசியாக, கூடுதல் விஞ்ஞானம், கூடுதல் கணிதம், கணினி, வணிகம், கோ-ஓப் (வேலையிடத்தில் பழகிக் கிரெடிட் பெறும் பாடம்) போன்றவை அடங்கிய தொகுதியிலிருந்து ஒன்று.

மொன்றியலில் இருக்கும் சொந்தக்காரர் வேறு மாதிரிச் சொல்வார். கியூபெக்கில் ஹைஸ்கூல் 11ஆம் வகுப்போடு முடிந்து, அதன் பிறகு செஜெப் என்று இடையில் ஒரு படிப்பு இருக்கிறது. கனடாவில் கல்வி மாகாணத்தின் கையில். அவர் சொல்வது அவருடைய மாகாணத்துக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது.

பாடங்களுக்கு வெளியே மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று, எழுத்தறிவுத் தேர்வு. பெரும்பாலும் 10ஆம் வகுப்பில் கணினியில் எழுதுவார்கள், 300 புள்ளி எடுத்தால் பாஸ். எந்தப் பாடத்தின் மார்க்கிலும் இது சேராது. பாஸ் ஆகாவிட்டால் திரும்ப எழுதலாம். உங்கள் மகளைப் போல் ஈஎஸ்எல் படிக்கும் பிள்ளைக்குத் தயாரில்லை என்றால் தேர்வைத் தள்ளிப்போடக் கேட்கும் உரிமை உண்டு. எழுதும்போது கூடுதல் நேரமும் கேட்கலாம். தேர்வு சரிவராத பிள்ளைகளுக்கு அதற்குப் பதிலாக ஒரு எழுத்தறிவுப் பாடம் இருக்கிறது, அதை முடித்தாலும் நிபந்தனை நிறைவேறும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பாடத்தை டிப்ளோமாவுக்கான 12ஆம் வகுப்பு ஆங்கிலமாகவும் எண்ணிக்கொள்ளலாம். அதனால் "ஆங்கிலம் முடிந்துவிட்டது" என்று பிள்ளை நினைக்கும். டிப்ளோமாவுக்கு முடிந்தது உண்மை. பல்கலைக்கழகம் கேட்கும் 12ஆம் வகுப்பு ஆங்கிலம் அதுவல்ல.

இரண்டாவது, 40 மணி நேரச் சமூகத் தொண்டு. எட்டாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்தே தொடங்கலாம், அதனால் உங்கள் மகன் இந்த ஜூலையில் ஆரம்பிக்கலாம். நூலகம், உணவு வங்கி, முதியோர் இல்லம், ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சிகள், இப்படி எத்தனையோ இடம் இருக்கிறது. வீட்டு வேலையும் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையும் பொதுவாகச் சேராது. செய்யப்போகும் இடம் செல்லுமா என்று முன்கூட்டிக் கேட்டு, செய்த அன்றே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 12ஆம் வகுப்பு மே மாதத்தில் 40 மணியைத் தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். நடுவில் வந்து சேர்ந்த உங்கள் மகளுக்கு முழு 40 தேவையா, குறைவா என்பதை அதிபர் தீர்மானிப்பார்.

மூன்றாவது, இரண்டு கிரெடிட் இணையவழியில் எடுப்பது. பெற்றோர் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளையை ஆசிரியர் முகம் பார்க்காமல் திரையில் படிக்க விடுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். மகளுக்கு விலக்குக் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் குறியீடு. எஸ்பிஐ3யூ (SBI3U) என்று ஒரு பாடம் இருக்கும். முதல் மூன்று எழுத்து எந்தப் பாடம் என்று சொல்லும், இங்கே உயிரியல். நான்காவது இடத்தில் உள்ள 3 என்பது 11ஆம் வகுப்பு. 9ஆம் வகுப்பு 1, 10 என்றால் 2, 12 என்றால் 4. ஐந்தாவது எழுத்துதான் விஷயம். யூ என்றால் பல்கலைக்கழகத்துக்கான பாடம். எம் என்றால் பல்கலைக்கழகம், காலேஜ் இரண்டுக்கும். சி என்றால் காலேஜுக்கு. ஈ என்றால் நேரே வேலைக்கு. ஓ என்றால் எல்லோருக்கும் பொது. 10ஆம் வகுப்பின் முக்கியப் பாடங்களில் டி (D), பி (P) என்று வரும். டி ஏட்டுப் படிப்பாகச் சற்று ஆழமாகப் போகும், பி செய்முறையோடு போகும். 9ஆம் வகுப்பில் இந்தப் பிரிவினை இப்போது இல்லை. 2021இல் கணிதத்திலும் 2022இல் மற்றப் பாடங்களிலும் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். 13 வயதில் ஒரு பிள்ளையின் வழியைப் பிரிப்பது அநியாயமாகத்தான் இருந்தது.

ஒரு பையனின் கதை சொல்கிறேன். பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை. தகப்பனும் மகனுமாக ஒரு பாடசாலை நூலகத்தின் மூலையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். 12ஆம் வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம். தகப்பன் ட்ரான்ஸ்கிரிப்டை, அதாவது எடுத்த பாடங்களும் மார்க்கும் உள்ள பட்டியலை, பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சுப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாம் பாஸ், ஒன்றிலும் 70க்குக் குறையவில்லை, தொண்டு மணி 100ஐத் தாண்டியிருந்தது. கணக்குப்படி டிப்ளோமாவுக்கு ஒரு குறையும் இல்லை. 11ஆம் வகுப்புக் கணிதத்தில் விரலை வைத்தேன். ஐந்தாவது எழுத்து எம். பொறியியலுக்கு 12ஆம் வகுப்பில் மேல்நிலைச் சார்புகள் என்ற கணிதப் பாடமும் நுண்கணிதமும் வேண்டும். அந்தச் சார்புகள் பாடத்துக்குள் நுழைய 11இல் யூ கணிதம் வேண்டும், எம் போதாது. "ஒரு எழுத்தா?" என்று தகப்பன் கேட்டார், அதன் பிறகு வெகுநேரம் பேசவில்லை. நண்பன் எடுத்தான் என்று எடுத்ததாகப் பையன் சொன்னான். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வருடம் இரவுப் பள்ளியில் 3யூ கணிதத்தை முடித்து, அடுத்த செப்டம்பரில் இன்னொரு செமஸ்டர் வந்து மீதியை எடுத்தான். பிள்ளை தோற்கவில்லை. ஆனால் ஒரு வருடம் போனது, கூடப் படித்தவர்கள் எல்லாம் போன பிறகு தனியாக வந்து உட்கார்ந்திருந்தது அவனுக்கு வலித்தது.

பாடத்துக்குப் பாடம் இப்படி முன்நிபந்தனை உண்டு. சங்கிலி மாதிரி. 12ஆம் வகுப்பு யூ இரசாயனவியலுக்கு 11இல் யூ இரசாயனவியல், அதற்கு 10இல் டி விஞ்ஞானம். 11ஆம் வகுப்பு யூ கணிதத்துக்கு 10இல் டி கணிதம். அதனால் எப்போதும் முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பிள்ளை போக விரும்பும் படிப்பின் பக்கத்தைத் திறந்து, அவர்கள் கேட்கும் 12ஆம் வகுப்புப் பாடங்களை எழுதி, அங்கிருந்து கீழே இறங்கி வாருங்கள். மேலேயிருந்து பார்த்தால் எந்தப் பாடம் விருப்பத்துக்கு, எது விட முடியாதது என்று தானாகத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு விதி சுருக்கம்: டிப்ளோமாவோடு 12ஆம் வகுப்பு யூ அல்லது எம் பாடங்கள் ஆறு, அதில் ஒன்று கட்டாயம் யூ ஆங்கிலம். அந்த ஆறின் சராசரிதான் போட்டிக்குப் போகும். அதற்கு மேல் துறை தனக்கு வேண்டிய பாடங்களைக் கேட்கும்.

காலேஜ் என்ற சொல்லில் நம்மவர்கள் இடறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பாடசாலை, இந்துக் கல்லூரி, மத்திய கல்லூரி என்கிறோம். தமிழ்நாட்டில் கல்லூரி என்றால் பட்டப்படிப்பு படிக்கும் இடம். இங்கே காலேஜ் என்பது இரண்டுமில்லாத மூன்றாவது. ஒன்ராறியோவில் 24 அரச காலேஜ்கள் இருக்கின்றன. ஒரு வருடச் சான்றிதழ், இரண்டு வருட டிப்ளோமா, மூன்று வருட உயர் டிப்ளோமா, சிலவற்றில் நான்கு வருடப் பட்டமும் தருகின்றன. வேலையோடு நெருக்கமான படிப்பு. "காலேஜா, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று ஒரு தாய் என் முன்னால் அழுதிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு வாயடைத்துப் போயிற்று. இந்த ஊரில் ஆஸ்பத்திரியில், மின்சார நிலையத்தில், விமானம் பழுதுபார்க்கும் கூடத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கும் எத்தனையோ பேர் காலேஜில் படித்தவர்கள். பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்பதைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்.

உங்கள் மகளின் ஆசையே இதற்கு நல்ல உதாரணம். தாதி என்று இங்கே இரண்டு வகை. ஆர்என் என்பவர் பதிவு பெற்ற தாதி. 2005இலிருந்து ஒன்ராறியோவில் புதிதாக ஆர்என் ஆவதற்கு நான்கு வருடப் பட்டம் வேண்டும். பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம், இப்போது சில காலேஜ்களும் அந்தப் பட்டத்தைத் தருகின்றன. ஆர்பிஎன் என்பவர் செயல்முறைத் தாதி, காலேஜில் இரண்டு வருட டிப்ளோமா. ஆர்பிஎன் ஆன பிறகு இணைப்புப் படிப்பு மூலம் ஆர்என்னாக மேலே போகும் வழியும் உண்டு. நான் அறிந்த பலர் அப்படிப் போயிருக்கிறார்கள்.

ஆர்என் பட்டத்துக்கு 12ஆம் வகுப்பு யூ ஆங்கிலம், யூ உயிரியல், யூ இரசாயனவியல், இவற்றோடு ஒரு கணிதம் கேட்பார்கள். கணிதம் 11ஆம் வகுப்பா 12ஆம் வகுப்பா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆர்பிஎன்னுக்கு அதே பாடங்கள் சி தரத்திலும் போதும். ஆனால் சி பாதையில் உயிரியல் 11ஆம் வகுப்பிலும் இரசாயனவியல் 12ஆம் வகுப்பிலும்தான் வரும். இது தெரியாமல் "அடுத்த வருடம் உயிரியல் எடுக்கலாம்" என்று விட்டால் அடுத்த வருடப் பட்டியலில் சி உயிரியல் இருக்காது. யூ தரத்தில் படித்த பிள்ளையைக் காலேஜும் எடுக்கும். சி தரத்தில் படித்த பிள்ளையைப் பல்கலைக்கழகம் எடுக்காது. விஞ்ஞானத்தில் அவள் திடமாக இருந்தால் யூ எடுக்கச் சொல்லுவேன். சாதாரண தர விஞ்ஞானத்தைத் தமிழில் நன்றாகப் படித்த பிள்ளைகள் இங்கே சொல் பழகியதும் எழும்பிவிடுகிறார்கள், கண்ணால் பார்த்தது.

இப்போது அவளுடைய கணக்கு. ஊர்ப் படிப்புக்கு 16, முதல் செமஸ்டரில் 4, ஜூனில் இன்னும் 4. மொத்தம் 24. 12ஆம் வகுப்பில் எட்டு இடம் இருக்கிறது, டிப்ளோமாவுக்கு 6 போதும். எண்ணிக்கையில் கவலை இல்லை. கவலை ஆங்கிலத்தில்தான். ஈஎஸ்எல் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து படி (இவை படியின் பெயர்கள்தான், மேலே சொன்ன ஐந்தாவது எழுத்து அல்ல). அதில் மூன்று கிரெடிட் வரை கட்டாய ஆங்கிலம் நான்கில் எண்ணிக்கொள்வார்கள். நான்காவது மட்டும் 12ஆம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். அவள் ஈ முடித்து, 11ஆம் வகுப்பு யூ ஆங்கிலம் முடித்து, அதன் பிறகு 12ஆம் வகுப்பு யூ ஆங்கிலம் எடுக்க வேண்டும். (பல பாடசாலைகளில் 11ஆம் வகுப்பு ஆங்கிலம் பூர்வகுடி எழுத்தாளர்களை வாசிக்கும் பாடமாக இருக்கும், குறியீடு என்பிஈ3யூ (NBE3U). அதுவும் அதே மதிப்புத்தான், பயப்பட வேண்டாம்.)

இதில் அவசரப்படுத்துவதா என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. கோடையில் 11ஆம் வகுப்பு ஆங்கிலத்தை சம்மர் ஸ்கூலில் எடுக்கலாம். 110 மணி நேரத்தையும் ஏறத்தாழ நான்கு வாரத்தில் முடிப்பார்கள். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கே மூச்சு வாங்கும். வந்து ஒரு வருடம் ஆகாத பிள்ளை அதில் 60 வாங்கிக்கொண்டு, அந்த அடித்தளத்தில் 12ஆம் வகுப்பு ஆங்கிலம் எழுதினால் சராசரி விழும். என் யோசனை: செப்டம்பர் செமஸ்டரில் 11ஆம் வகுப்பு ஆங்கிலம், பெப்ரவரி செமஸ்டரில் 12ஆம் வகுப்பு ஆங்கிலம். பல்கலைக்கழகத்துக்கு ஜனவரி நடுப்பகுதிக்குள்ளும், காலேஜுக்கு பெப்ரவரி 1க்குள்ளும் விண்ணப்பம் போட்டுவிடட்டும், இரண்டுக்கும் போடலாம். மார்க் போதாவிட்டால் செப்டம்பரில் இன்னொரு செமஸ்டர் திரும்பி வரட்டும். ஐந்தாம் வருடம் வந்து படிப்பது இங்கே வெட்கப்படும் விஷயமில்லை, இங்கே பிறந்த பிள்ளைகளே செய்கிறார்கள். 16 வயதில் புது மொழிக்குள் வந்த பிள்ளைக்கு அந்த ஐந்து மாதத்தைக் கொடுப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

அத்தோடு இன்னொன்று, பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. ஆங்கிலவழியில் சில வருடம் படித்திராத பிள்ளையிடம், 12ஆம் வகுப்பு ஆங்கிலம் பாஸ் பண்ணியிருந்தாலும், பல பல்கலைக்கழகங்கள் ஐஎல்ட்ஸ் போன்ற தேர்ச்சிச் சான்றைத் தனியாகக் கேட்கும். எத்தனை வருடம் என்பது ஒவ்வோர் இடத்திலும் வேறு. அவள் விண்ணப்பிக்கப் போகும் மூன்று நான்கு இடங்களின் விதியை இந்தக் கோடையிலேயே பார்த்துவிடுங்கள்.

தமிழும் அவளுக்குக் கைகொடுக்கும். சனிக்கிழமைகளில் கல்விச் சபைகள் நடத்தும் தமிழ்மொழிக் கிரெடிட் வகுப்புகள் இருக்கின்றன. 12ஆம் வகுப்பு யூ தரத் தமிழும் உண்டு. முடித்தால் ட்ரான்ஸ்கிரிப்டில் மற்றப் பாடங்களைப் போல் மார்க்கோடு ஏறும். ஆறு பாடங்களில் ஒன்றாக அதை ஏற்கும் துறைகள் உண்டு, ஆனால் எந்தத் துறைக்குப் போகிறாளோ அங்கே கேட்டு உறுதிப்படுத்துங்கள். எல்லாவற்றையும் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றில் 90 வாங்கும் ஒரு வகுப்பு மனதுக்கும் நல்லது.

11, 12ஆம் வகுப்புப் பாடத்தை இடையில் விடுவதானால் நாள் பார்த்து விட வேண்டும். செமஸ்டர் நடுவில் வரும் ரிப்போர்ட் கார்ட் கிடைத்து ஐந்து பாடசாலை நாட்களுக்குள் விட்டால் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விட்டாலும், ஃபெயில் ஆனாலும் ட்ரான்ஸ்கிரிப்டில் பதிவாகும். திரும்ப எடுத்தால் இரண்டு மார்க்கும் நிற்கும். காசு கட்டினால் நல்ல மார்க் தருவதாகச் சொல்லும் தனியார் இடங்களைப் பற்றியும் யாராவது உங்களிடம் பேசுவார்கள். வேண்டாம். பாடத்தை எங்கே எடுத்தோம் என்று கேட்கும் துறைகள் இருக்கின்றன. கேட்காவிட்டாலும், இரசாயனவியல் தெரியாமல் தாதியியல் முதல் வருடத்தில் உட்காரப் போவது அவள்தான்.

இளையவனுக்கு வருவோம். அவனுக்கு 9ஆம் வகுப்பில் பயப்பட ஒன்றுமில்லை. கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம், புவியியல், பிரெஞ்சு, உடற்கல்வி என்று இடங்கள் தானாக நிரம்பிவிடும். மீதியில் ஒரு கலைப் பாடமும் தொழில்நுட்பப் பாடமும் போடுங்கள். அந்தத் தொழில்நுட்பப் பாடத்தை வீணென்று நினைக்காதீர்கள், மரம் அறுத்து, சுற்று இணைத்துப் பார்க்கும்போதுதான் சில பிள்ளைகளின் கண் மலர்கிறது. அவனுக்கு முதல் பெரிய முடிவு அடுத்த பெப்ரவரியில் வரும்: 10ஆம் வகுப்புக் கணிதமும் விஞ்ஞானமும் டியா, பியா. முடிந்தால் டி, அதுவும் 9ஆம் வகுப்புக் கணிதத்தில் 70 பக்கம் வந்திருந்தால் யோசிக்காமல் டி. பியிலிருந்து 11ஆம் வகுப்பு எம் கணிதத்துக்குப் போகலாம், யூவுக்கு நேரே போக முடியாது.

அவன் கைவேலையில் ஆர்வமுள்ளவனாக இருந்தால் அதற்கும் நேர்மையான பாதைகள் உண்டு. 11, 12ஆம் வகுப்புகளில் ஒரு துறையில் 8 முதல் 10 கிரெடிட்டைத் தொகுத்து எடுக்கும் திட்டம் ஒன்று 2006இலிருந்து நடக்கிறது. உடல்நலம், கட்டுமானம், விளையாட்டு, தகவல் தொழில்நுட்பம் என்று துறைகள். இரண்டு கோ-ஓப் கிரெடிட்டும் முதலுதவி போன்ற சான்றிதழ்களும் அதற்குள் வரும். முடித்தவரின் டிப்ளோமாவில் சிவப்பு முத்திரை இருக்கும். கைத்தொழிலாளரின் நாடளாவிய ரெட் சீல் சான்றிதழ் வேறு, இது வேறு, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழம்ப வேண்டாம். எலெக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்களைப் பாடசாலையில் இருந்துகொண்டே பழகத் தொடங்கும் திட்டமும் உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து, அப்படிப் பழகும் பிள்ளை 11, 12ஆம் வகுப்புப் பாடங்களில் 80 விழுக்காடு வரை கோ-ஓப்பாகவே செய்யலாம். டிப்ளோமாவும் கிடைக்கும், பழகும் மணி நேரமும் கணக்கில் ஏறும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், வாசிக்கும் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் எழுதுவார்கள். அதில் நேரம் கூட்டிக் கொடுப்பது, கணினி தருவது போன்ற வசதிகள் கிரெடிட்டைப் பாதிக்காது. பாடத்தின் எதிர்பார்ப்பையே மாற்றினால் கிரெடிட் கிடைக்காமல் போகலாம். குறியீட்டில் கே என்று தொடங்கும் பாடங்களுக்குக் கிரெடிட்டே கிடையாது. சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருத்தம், ஆனால் பெற்றோருக்கு விளங்கி, சம்மதித்து நடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. 30 எட்ட முடியாமல் வெளியேறும் பிள்ளைக்கு 14 கிரெடிட்டில் ஒரு சான்றிதழ் உண்டு. டிப்ளோமாவுக்கு ஈடாகாது, வெறுங்கையை விட மேல். உங்களைப் போன்ற பெற்றோரும் வளர்ந்தோர் பாடசாலையில் இதே டிப்ளோமாவை எடுக்கலாம். முன்படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிட்டுப் பெரும்பகுதியைத் தருவார்கள், கடைசி நான்கு கிரெடிட்டையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் மகளின் கைடன்ஸ் ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்குக் கொடுத்த 16 கிரெடிட்டில் எந்தெந்தக் கட்டாயப் பாடம் நிறைவேறியது என்று பட்டியலாகக் கேளுங்கள். 10ஆம் வகுப்பு டி விஞ்ஞானமும் டி கணிதமும் முடித்ததாக அவர்கள் கணக்கில் இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். அது இல்லையென்றால் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. தொண்டு மணி எத்தனை, எழுத்தறிவுத் தேர்வு எப்போது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். அப்புறம் படிவத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு குறியீட்டின் கடைசி எழுத்தையும் பேனாவால் வட்டமிடுங்கள். யூ உயிரியல், யூ இரசாயனவியல், யூ ஆங்கிலம் மூன்றும், அவள் போகும் இடம் கேட்கும் கணிதமும் வட்டத்துக்குள் இருந்தால் கையெழுத்துப் போடலாம்.